சும்மா மீன்

1

எங்கள் வீட்டில் மீன் சமைத்துப் பத்து மாதமாகிறது.

இலங்கையின் கிழக்குக் கடற்கரையில், சாய்ந்தமருதில் பிறந்தவள் எழுதுகிற வசனமா இது என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் யோசிப்பீர்கள். எனக்கும் அதே யோசனைதான். இங்கே மெல்பேர்னில், நான் மீன் பொரிக்கும் வெள்ளிக்கிழமைகளில் கூரையில் இருக்கும் புகைக்கருவி அலறத் தொடங்கும். மகள் ஹனா கதிரையில் ஏறி நின்று அதற்குத் துவாயால் விசிறுவாள். கணவர் யன்னல்களைத் திறந்துகொண்டு ஓடுவார். பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, எல்லாரும் உயிரோடுதானா என்று விசாரித்துவிட்டுப் போவார். இப்போது அந்தக் கருவி வாயே திறப்பதில்லை. பழுதாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் போன கிழமை கணவர் அதன் பொத்தானை அமர்த்திப் பார்த்தார்.

மீன்கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஹனாவைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரும் வழியில் அதைக் கடக்க வேண்டும். முன்பெல்லாம் நாங்கள் இருவரும் உள்ளே போவோம். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், அவள் கண்ணைப் பார்ப்பாள், பிறகு இருவரும் கடைக்காரருடன் கொஞ்சம் சண்டை பிடிப்போம். இப்போது அவள் அந்தக் கடை வந்ததும் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறாள். கணவர் வேலையிடத்தில் களவாக மீன் தின்றுவிட்டு, வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். கேட்டால் மரக்கறி என்கிறார். மனுசனின் முகத்தில் எழுதியிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கலவா மீனும், நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணனும். நியாயமாகச் சொன்னால் நானும்.

2

காக்கா எனக்கு ஆறு வயது மூத்தவர். கடலுக்குப் போகிறவர். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு ஊரில் எனக்கு மிஞ்சியிருக்கும் நெருங்கிய இரத்தம் அவர் மட்டும்தான். போன வருடம் இங்கே பாடசாலைகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டபோது, ஏழு வருடத்துக்குப் பிறகு ஹனாவையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

சொந்த ஊருக்குப் போவதற்கு நான் விசா எடுக்க வேண்டியவள். கடவுச்சீட்டின் நிறம் மாறினால் அப்படித்தான். இணையத்தில் படிவத்தைத் திறந்தால் வருகையின் நோக்கம் என்ன என்று கேட்கிறது. சுற்றுலா இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கி ஏறுவதும் இருக்கிறது. காக்காவைப் பார்க்க என்று ஒரு கட்டம் இல்லை. நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு சுற்றுலா என்று அமர்த்தினேன். ஹனா தனக்கு யோசிக்காமலே அமர்த்தினாள். அவளுக்கு அது உண்மையிலேயே சுற்றுலாதான்.

"வாறேன். ஆனால் இதுதான் கடைசி" என்று விமான நிலையத்தில் வைத்து ஆங்கிலத்தில் சொன்னாள். "அடுத்த முறை நீங்கள் தனியாகப் போங்கள். எனக்கு அங்கே கதைக்க யாரும் இல்லை."

அவளுக்குப் பதினாலு வயது. அந்த வயதில் சொல்லும் எல்லாவற்றையும் பெரிதாக எடுக்கக் கூடாது என்பார்கள். நான் எடுத்தேன். இரண்டு வருடம் போனால் அவளை இழுத்துக்கொண்டு போக என்னால் முடியாது. அவளாக ஆசைப்பட்டு வந்தால்தான் உண்டு. இந்த மூன்று கிழமைக்குள் ஊர் எப்படியாவது அவளுக்குப் பிடித்துவிட வேண்டும் என்று விமானத்தில் பத்து மணித்தியாலமும் துஆ கேட்டுக்கொண்டு போனேன்.

கதைக்க யாரும் இல்லை என்று அவள் சொன்னதில் என் பிழையும் உண்டு. ஹனாவின் தமிழ் முழுவதும் என் வாயிலிருந்து போனது. நானோ அவளோடு தமிழில் கதைப்பது ஏசும்போது மட்டும்தான். ஆகவே அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கட்டளை. வா, இரு, தின்னு, படு, அதை வை, இதை எடு. போய் இறங்கிய அன்றைக்கு வாசலில் நின்ற காக்காவைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "மாமா, உள்ளே வா. இரு" என்றாள். காக்காவின் மனைவி, என் மச்சி, வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

காக்காவுக்குப் பெரிய சந்தோஷம். "வாப்பா மௌத்தானத்துக்குப் பொறகு என்ன இப்புடி அதட்டின ஒரே ஆள் இவதான்" என்று சொல்லி, சொன்னபடி இருந்தார்.

3

ஹனாவின் பயணப்பையில், தண்ணீருக்கு அடியில் பார்க்கப் போடும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இரண்டு சோடி இருந்தன. தண்ணீரில் நனைந்தாலும் கிழியாத அட்டை ஒன்றும் இருந்தது. அதில் அறுபது பவளப்பாறை மீன்களின் படம். பார்த்ததற்குப் பக்கத்தில் பென்சிலால் சரி போட வேண்டும். பிள்ளைகள் இங்கே நடக்கும்போதே நீந்தவும் பழகிவிடுகிறார்கள், பழகாவிட்டால் பாடசாலை விடாது.

நானோ கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, இருபத்தேழு வயது வரை அங்கேயே இருந்து, கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவள். எங்கள் ஊரில் கடல் ஆம்பிளைகளின் வேலைத்தலம். பெண்களுக்குக் கடல் என்பது ஓலைப்பையில் வீட்டுக்கு வரும் சாமான். சுனாமிக்குப் பிறகு கடலோடு இருந்த அந்தக் கொஞ்ச உறவும் எனக்கு வேண்டாமென்று போனது. ஆனால் மீன் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் தந்தாலும் செதிலைத் தடவிப் பெயர் சொல்வேன். இந்தப் பெருமையை ஹனாவிடம் நான் அடிக்கடி அவிழ்த்து விட்டிருந்ததால், இரண்டாவது சோடி எனக்கென்று தெரிந்தபோது தப்ப வழியில்லாமல் போயிற்று.

காக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் முற்றத்தில் இருந்து, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நைலோனின் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"கல்லுக்குப் போகணுமா?" என்றார். கடலுக்கு அடியில் இருக்கும் பவளப்பாறையைக் காக்காவும் கூட்டாளிமாரும் கல் என்றுதான் சொல்வார்கள். "என்னத்துக்குப் புள்ள? வல வேணாமாம், தூண்டில் வேணாமாம்."

"மீன் பாக்கத்தான் காக்கா."

"பாத்துப்போட்டு?"

"பாத்துப்போட்டு வாறதுதான்."

அவர் நைலோனைக் கீழே வைத்தார். "எல்லா மீனையும் பாத்துட்டு, ஒண்டையும் புடிக்காம, வெறும் வள்ளத்தோட கரைக்கு வாறது."

"ஓம்."

"அங்க கனபேருக்கு இந்த வருத்தம் இரிக்கா?"

நிறையப் பேருக்கு இருக்கிறது, இதற்காகக் கப்பல் கட்டணம் கொடுத்துப் போகிறார்கள் என்றேன். காக்கா தலையை ஆட்டினார். பரிதாபமாகத்தான் ஆட்டினார். ஆனால் கேட்டது மருமகள். அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு, கச்சான் காற்று எழும்ப முதல் போய்வரலாம் என்று சொல்லிவிட்டார்.

4

கரையிலிருந்து அரை மணித்தியாலம். பள்ளிவாசலின் மினாராவையும் தண்ணீர்த்தாங்கியையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்தி, தெற்கே ஒரு தென்னந்தோப்பின் முனையையும் பார்த்து, காக்கா இயந்திரத்தை நிறுத்தினார். மூணாங் கல் என்பது அவர் வைத்த பெயர். அது இருக்கும் இடம் அவருடைய மச்சானுக்கே தெரியாது. நல்ல கல்லின் அடையாளத்தைப் பெண் கொடுத்த வீட்டுக்கும் சொல்லக் கூடாது என்பது கடலுக்குப் போகிறவர்களின் சட்டம்.

ஹனா விளிம்பில் இருந்து பின்பக்கமாகச் சரிந்தாள். காக்கா பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் அவள் பத்து முழம் தள்ளி மிதந்துகொண்டு, "உம்மா, வா. குதி" என்றாள். பார்த்தீர்களா, என் கட்டளைகள் எனக்கே திரும்பி வருகின்றன.

தலையிலிருந்து கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை, அதற்கு மேல் உயிர்காப்பு அங்கி, இடுப்பில் காக்கா கட்டிய கயிறு. கயிற்றின் மற்ற முனை அவர் கையில். மீன் பிடிக்கப் பழகிய மனுசனின் கையில் கயிற்றில் தொங்குவது எப்படியிருக்கும் என்பதை எனக்கு முன் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் கொஞ்சம் அசைந்தாலும் அவர் ஒரு சுண்டு சுண்டினார்.

முகத்தைத் தண்ணீரில் வைத்தேன்.

பெருமையடித்தவள் நான். அதனால் இதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு ஒரு மீனையும் தெரியவில்லை. நாற்பத்து நாலு வயது வரை நான் பார்த்ததெல்லாம் பக்கவாட்டில் படுத்திருந்த மீன். நிமிர்ந்து, அலுவலாகப் போய்க்கொண்டிருக்கும் மீனை நான் பார்த்ததே இல்லை. ஒரு பச்சை நீல மீன் பாறையைக் கடித்தது. கறுக் கறுக்கென்ற சத்தம் காதில் தெளிவாகக் கேட்டது. அது கிளிமீன் என்று பிடிபட எனக்கு ஒரு நிமிடம் போயிற்று. எத்தனை கிளிமீனின் பல்லைக் கத்தியால் வெட்டி எறிந்திருப்பேன். அந்தப் பல்லுக்கு இப்படியொரு வேலை இருக்கும் என்று யோசித்ததே இல்லை. இரண்டு ஓரா மீன்கள் கணவன் மனைவி போலப் பக்கம் பக்கமாகப் புல் மேய்ந்தன. ஒன்று மேயும்போது மற்றது காவல். எனக்கு அழுகை வந்தது. முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

5

அதற்குப் பிறகு நாங்கள் கடலில்தான் இருந்தோம் என்று சொல்லலாம். காற்றில்லாத காலை எல்லாம் மூணாங் கல். ஹனா கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து, அட்டையில் இருக்கும் படத்தைத் தொட்டுக் காட்டுவாள். காக்கா படகில் இருந்துகொண்டு தீர்ப்பு வழங்குவார்.

"விள. கறிக்கு."

"ஓரா. பொரியலுக்கு."

"சீலா. கருவாட்டுக்கு."

காக்காவின் கணக்கில் கடலில் நாலு வகை மீன்தான். கறி, பொரியல், கருவாடு. மூன்றிலும் சேராதது சும்மா. பேத்தை மீனைக் காட்டியபோது மட்டும் கையை எடுத்து வாயில் வைத்து, "அது மௌத்து" என்றார். அட்டையில் இருந்த மிக அழகான மீன்கள் எல்லாம் சும்மாவில் போய் விழுந்தன. மஞ்சளும் கறுப்புமாக வண்ணாத்திப்பூச்சி போலிருந்தது சும்மா. கடற்பூவின் விரல்களுக்குள் ஒளித்து விளையாடிய சிவப்புக் குட்டி மீனும் சும்மா. ஹனாவுக்குக் கோபம் வந்தது. "மாமா, பார். வடிவாப் பார்" என்று அதட்டினாள். "பாத்தன் மகள்" என்றார் காக்கா பணிவாக. "சும்மாதான்."

சரி போடும் இடத்தில் அவள் க, பொ, கரு, சு என்று எழுதத் தொடங்கினாள். தமிழ் எழுத்து அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்காதது. மச்சியிடம் கேட்டு எழுதிப் பழகியிருந்தாள். நான் கண்டும் காணாததுபோல இருந்தேன், கவனித்ததாகக் காட்டினால் விட்டுவிடுவாள்.

மூன்றாம் நாள் அவள் கலவாவைக் கண்டாள். பாறையின் கீழ் விளிம்பில் ஒரு பொந்து, அதன் வாசலில் ஒன்றரை முழ மீன். உடம்பெல்லாம் புள்ளி, கீழே தொங்கும் வாய், மேல் உதட்டில் வெள்ளையாய் ஒரு பழைய தூண்டில் காயம். அவளைக் கண்டு ஓடவில்லை. தன் வீட்டு வாசலுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்ததாம். அவளுடைய பாடசாலை அதிபரின் முகம் அப்படியே என்று சிரித்து, அதிபர் என்று பெயர் வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் முதல் வேலை அதிபர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான்.

ஒரு பின்னேரம் பாயில் படுத்துக்கொண்டு மூணாங் கல்லைப் படமாக வரைந்தாள், கீழேயிருந்து பார்த்தபடி. எந்தப் பொந்தில் எது, எந்த முனையில் கடற்பூ, அதிபரின் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எல்லாம் இருந்தது. அதைக் காக்காவிடம் கொடுத்தாள். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார். முப்பது வருடமாக அந்தக் கல்லுக்கு மேலே உட்கார்ந்திருந்தவர் அதன் கீழ்ப் பக்கத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். மடித்து, தொழும்போது போடும் சட்டையின் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சோறு தின்னும்போது ஹனா அதிபரைப் பற்றியே கதைத்தாள், ஆங்கிலத்தில். என்ன சொல்றா என்று காக்கா கேட்டார்.

"அவக்கு அந்தக் கலவாவிலதான் காக்கா உசிரு" என்றேன். "போகக்குள்ள அத உட்டுட்டுப் போறதுதான் கவலையாம்."

சொல்லும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும். ஊரில் நாங்கள் இருந்த அந்த நாட்களில் ஹனா எதையெல்லாம் ஆசையாகப் பார்த்தாளோ அதெல்லாம் வீடு தேடி வந்தது. பக்கத்து வளவு மாமரத்தை அண்ணாந்து பார்த்தாள், அடுத்த நாள் ஒரு கடகம் மாங்காய். மச்சியின் வளையலை வடிவென்றாள், மச்சி கழற்றி அவள் கையில் போட்டுவிட்டார். செட்டை சிவந்த ஒரு சேவலை அவள் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துச் சிரித்த அன்று, நல்லவேளை, நான் முந்திக்கொண்டு அவளுக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். விருந்துக்கு வந்த பிள்ளை ஆசைப்பட்டுப் பார்த்ததைக் கொடுக்காமல் அனுப்பினால் வீட்டாருக்குச் சோறு இறங்காது. பதினேழு வருடத்தில் நான் அதை மறந்திருக்கவில்லை. கடலுக்கும் அது பொருந்தும் என்றுதான் யோசிக்கவில்லை.

6

பயணம் போகிற அன்று பகல் காக்கா வீட்டில் விருந்து. இறக்காமத்திலிருந்து மச்சியின் ஆட்கள் எருமைத் தயிர் கொண்டு வந்திருந்தார்கள். பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய கூட்டுத்தட்டில் சோறு போட்டு, எல்லாரும் சுற்றியிருந்தோம். காக்கா மட்டும் உட்காரவில்லை. குசினி வாசலில் நின்றுகொண்டு, பிறந்தநாள் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

மச்சி பெரிய பீங்கானில் கலவாக் கறியைக் கொண்டுவந்து ஹனாவுக்கு முன்னால் வைத்தார். தலை, அவளைப் பார்த்தபடி. விருந்தில் தலை யாருக்கு வைக்கப்படுகிறதோ அவர்தான் அன்றைக்குப் பெரிய ஆள். தொங்கும் வாய். மேல் உதட்டில் வெள்ளைக் காயம்.

நான் ஹனாவைப் பார்த்தேன். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, கட்டளை எதுவும் இல்லாத தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, இது என்ட மீன்."

"ஓம் மகள், ஒங்கட மீன்தான்" என்றார் காக்கா. முகமெல்லாம் பூரிப்பு. "ஒங்களுக்காகத்தான். சுபஹ் தொழுத கையோட போனன். ஒங்கட படத்தப் பாத்துத்தான் எறக்கினன், கணவாத் துண்டு குத்தி, சரியா வாசல்ல. நாலு மணித்தியாலம் கெடந்தன் மகள். பெரிய கள்ளன் அவன், லேசுல வாறானில்ல. தின்னுங்க."

ஹனா எழும்பி வெளியே போனாள். கை கழுவும் சத்தம் கேட்டது, இன்னும் ஒன்றையும் தொடாத கையை. திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்து, சோற்றுக்குத் தயிர் விட்டுத் தின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"என்னவாம்?" என்று காக்கா என்னைக் கேட்டார்.

"பயணம் போற கவல காக்கா" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் மெல்லிதாகும். அவருக்கு அது என் ஐந்து வயதிலிருந்து தெரியும்.

பெட்டிகளை வான் வண்டியில் ஏற்றும்போது என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், உண்மையைக் கேட்டார். சொன்னேன். அந்த மீன் அவளுக்குத் தின்ன வேண்டியிருக்கவில்லை, அது அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். விரித்தார். மடித்தார்.

"முப்பது வருசமாக் கடல்ல கெடக்கன்" என்றார் கடைசியில். "மனிசருக்குக் கூட்டாளியான மீன நான் புடிச்சில்ல புள்ள. எனக்குத் தெரியாது."

ஹனா வானிலிருந்து இறங்கவில்லை. காக்கா யன்னலால் கையை விட்டு அவள் தலையைத் தடவினார். அவள் தலையை இழுக்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. வான் ஊரைத் தாண்டியபோது அவளுடைய முகக்கண்ணாடியைக் காணவில்லை என்று கவனித்தேன். மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"விட்டுவிட்டு வந்தேன்" என்றாள். "எனக்கு இனி அது வேண்டாம்."

மூன்று கிழமை கேட்ட துஆவில், கடைசி நாள் பகல் சாப்பாட்டை நான் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.

7

அதற்குப் பிறகு நடந்ததுதான் தொடக்கத்தில் சொன்னது. ஹனா மீன் தின்பதை விட்டாள். எங்களைத் தின்ன வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. ஆனால் அவளை முன்னால் வைத்துக்கொண்டு மீன் ஆய எனக்குக் கை வரவில்லை. காக்கா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோன் எடுப்பார். அங்கே மழையைக் கேட்பேன், இங்கே குளிரைக் கேட்பார். கடைசியாக, சும்மா கேட்பதுபோல, "மகள் மீன் தின்றாவா?" என்பார். "ஓம்" என்பேன் மெல்லிய குரலில். "ஆ" என்பார்.

அவளோடு கதைக்கத் தரச்சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவளும் ஃபோனுக்குக் கை நீட்டவில்லை. இரண்டு பேரும் என் மனசுக்குள் இரண்டு பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை காக்கா ஃபோன் எடுக்கவில்லை. ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் காற்றும் படகில் தண்ணீர் தட்டும் சத்தமும். மகளுக்குக் குடு என்று எழுதியிருந்தது. ஹனா சோபாவில் படுத்திருந்தாள். ஃபோனை அவளுக்குப் பக்கத்தில் வைத்து அமர்த்திவிட்டு, உடுப்பு மடிக்கும் சாட்டில் அங்கேயே நின்றேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகள். மாமா கதைக்கிறன். வாடக் காத்து முடிஞ்சி, கடல் தெளிஞ்சி போச்சி. ஒங்கட கண்ணாடியப் போட்டுக்கிட்டு மூணாங் கல்லுல எறங்கினன். தாடியால தண்ணி உள்ளுக்குப் போகுது, வெசிலின் பூசிக்கிட்டு எறங்கினன். இப்ப ஒரு கிழமையா எறங்கிறன். ஒங்கட மாமிக்குத் தெரியாது, தெரிஞ்சா எனக்குப் பைத்தியமெண்டு சொல்லுவா. மகள், நீங்க படத்துல போட்டிரிக்கிற எடத்துல, அதிபர்ட வாசல்ல, வேற ஒரு கலவா வந்து குந்தியிரிக்கி. சின்னன். ஒரு சாண்தான் வரும். என்னக் கண்டா உள்ளுக்குப் போகுது, பொறகு எட்டிப் பாக்குது. நானும் எட்டிப் பாக்கன். முப்பது வருசமா மேல குந்திரிக்கன், கீழ வீடுவாசல் இரிக்கிண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. தூண்டில் போடல்ல மகள். அந்தக் கல்லுக்கு இப்ப நான் தூண்டிலே கொண்டு போறல்ல. ஒருத்தருக்கும் எடமும் சொல்லல்ல. இது கறிக்கில்ல, பொரியலுக்கில்ல. இது சும்மா மீன்."

ஹனா அதை மூன்று தரம் கேட்டாள். இரண்டாம் தரம் வெசிலின் என்ற இடத்தில் சிரித்தாள். மூன்றாம் தரம் எழுந்து உட்கார்ந்து, முகத்தைச் சட்டைக்கையால் துடைத்தாள். பிறகு என் ஃபோனைக் கையில் எடுத்து, பேசும் பொத்தானை அமர்த்திப் பிடித்தாள். நான் மடித்த உடுப்பையே திரும்ப மடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தெரிந்த தமிழில், அவளுக்குத் தெரிந்த விதத்தில், அவள் சொன்னது இதுதான்:

"மாமா, அதைத் தொடாதே. ஒவ்வொரு நாளும் போ, பார். தாடியை எடு. நான் வாறன்."

ஒரு நிமிடம் போகவில்லை, பதில் வந்தது.

"சரி மகள். தாடிய மட்டும் கேக்காதீங்க. வேற என்ன சொன்னாலும் செய்யிறன்."

நேற்று நான் விசாப் படிவத்தைத் திறந்தேன். வருகையின் நோக்கம் என்ன என்று அது திரும்பவும் கேட்டது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஹனா, "சும்மா என்று போட இடமில்லையா?" என்று கேட்டாள்.